ஸபீனா மிஸ்ஸி கேட்ட ஐந்து நிமிடம்

மேடையில் அமர்ந்திருக்கும் மௌலவி அவர்களே, வைத்திய அதிகாரி அவர்களே, நம்மை விட்டுப் பிரிந்த மர்ஹூமா ஸபீனாவோடு இருபது வருடம் வீடு வீடாக நடந்த மருத்துவ மாது கத்தரினா அவர்களே, பாலாவியிலிருந்தும் கண்டக்குழியிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மாரே, எங்கள் தெருச் சகோதரர்களே! அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ரஸாக் பேசுவார் என்று அறிவித்தீர்கள். நம் மருத்துவ மாது ஸபீனா மிஸ்ஸியைப் புகழத்தான் எழுந்தேன். ஆனால் அவரைப் புகழ வாய் திறந்தால், என் தவறையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தெருவில் அவர் படியேறாத வீடு உண்டா? அவருடைய தராசில் ஏறி அழாத பிள்ளை உண்டா? என் பேரப்பிள்ளைகள் நால்வரும் அழுதவர்கள்தான்!

நம் பழைய வீடுகளின் கதை உங்களுக்குத் தெரியும். உப்புக்காற்றுக்குச் சாதாரணப் பெயிண்ட் இரண்டு வருடம் தாங்காது. அதனால் நம் வாப்பாமார் வள்ளத்துக்குப் பூசி மிஞ்சியதைக் கொண்டுவந்து கதவுக்கும் ஜன்னலுக்கும் பூசினார்கள். நோன்பு வரப்போகிறதென்றால் அதைச் சுரண்டி, மேலே புதிதாகப் பூசுவோம். அந்தப் பழைய பூச்சில் ஈயம் இருந்தது, அதன் தூள் பிள்ளைகளுக்கு நஞ்சு என்பது நம்மில் யாருக்குத் தெரியும்?

ஸபீனா மிஸ்ஸிக்குத்தான் சந்தேகம் வந்தது. சில பிள்ளைகளுக்கு நிறை கூடவில்லை. குடல் பூச்சிக்கு மருந்து கொடுத்தும் வயிற்றுவலி நிற்கவில்லை. ஒருநாள் நான்கு வயது றிஸ்மின் ஜன்னலில் உரிந்த பெயிண்டைப் பிய்த்துச் சப்பிக்கொண்டிருந்ததைக் கண்டார்.

“ஏன் மகன் இதத் தின்னுறீங்க?”

“இனிக்கிது மிஸ்ஸி.”

அவர் விடவில்லை. வைத்தியரிடம் சொல்லி, அந்தப் பிள்ளையின் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்ப வைத்தார். ஈயம் என்று பதில் வந்தது. அன்று பின்னேரமே என்னிடம் வந்தார். நான்கு வருடத்துக்கு முன், நோன்புக்கு இரண்டு வாரம் இருந்தது.

“சேர், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் அஞ்சு நிமிசம் தாங்க. காஞ்சபடியே சுரண்டாதீங்க, ஈரத்துணியால துடைங்கண்டு மட்டும் சொல்லணும்.”

நான் என்ன சொன்னேன்?

“மிஸ்ஸி, ஊட்டுல நஞ்சிரிக்கிண்டு சொன்னா, நாளைக்கி ஆரு இந்தத் தெருவுல பொண்ணெடுக்க வருவாங்க? பெருநாள் முடியட்டும், பார்ப்பம்.”

“பெருநாளைக்கிடையில எல்லாரும் சுரண்டி முடிச்சிருவாங்களே, சேர்.”

பார்ப்பம் என்றேன். எவ்வளவு இலகுவான சொல்!

மறுநாள் காலை அவர் ஒரு வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார். ஒவ்வொரு வீட்டிலும் தானே முழங்காலிட்டு ஜன்னலைத் துடைத்துக் காட்டினார். ‘வாளி மிஸ்ஸி’ என்று சிரித்தோம். நானும் சிரித்தேன். ஒற்றை ஆள் முந்நூறு வீட்டுக்கும் எத்தனை நாளில் போக முடியும்? முனாஸின் வீட்டுக்குப் போக இரண்டு நாள் பிந்திவிட்டது. அதற்குள் முனாஸ் கதவைச் சுரண்டி முடித்திருந்தார். மூன்று வயது மகள் அஸ்மியா அந்தத் தூளில் உட்கார்ந்து விளையாடியிருந்தாள்.

நோன்பு பத்தாம் நாளில் அஸ்மியாவுக்கு வலிப்பு வந்தது. உயிர் பிழைத்தாள், அல்ஹம்துலில்லாஹ். இன்று ஏழு வயது. இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. உம்மா என்று சொல்வதற்கே திணறுகிறாள். முனாஸ் தம்பி அதோ பின்வரிசையில் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். தம்பி, அந்த ஐந்து நிமிடத்தை நான் கொடுத்திருந்தால் நீங்கள் அந்தக் கதவைச் சுரண்டியிருப்பீர்களா?

ஸபீனா மிஸ்ஸி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “அடுத்த நோன்புக்காவது சொல்லுவீங்களா, சேர்?” என்று மட்டும் கேட்டார். நான் அறிவித்தல் பலகையில் ஒரு கடதாசி ஒட்டினேன். அதை யார் வாசித்தார்கள்? அதற்குப் பிறகு மூன்று வருடமும் அவர்தான் வாளியோடு நடந்தார். கடந்த செவ்வாய்க்கிழமை மாரடைப்பு அவரைக் கொண்டுபோகும்வரை நடந்தார். அல்லாஹ் அவருக்கு உயர்ந்த சுவனத்தைக் கொடுப்பானாக!

இனி என்ன? இதோ, அடுத்த நோன்பும் நெருங்கிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை நானே எழுந்து சொல்வேன். என் வீட்டு ஜன்னலிலும் அதே பூச்சுத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். கத்தரினா மிஸ்ஸியோடு ஒவ்வொரு வீட்டுக்கும் போக நிர்வாக சபையில் ஐந்து பேர் பெயர் தந்திருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். இன்று இங்கே வரும்போது மூன்று வீடுகளில் கதவு சுரண்டும் சத்தம் கேட்டது. கூட்டத்துக்குப் பிந்திவிடும் என்று நான் நிற்காமல் வந்துவிட்டேன். இத்தனைக்குப் பிறகும் வந்துவிட்டேன், சகோதரர்களே! துஆவை மௌலவி அவர்கள் ஓதட்டும். நான் இப்போதே இறங்கிப் போகிறேன். அந்த மூன்று வீட்டிலும் சிறுபிள்ளைகள் இருக்கிறார்கள்.