குடும்பத்தைப் பற்றி ஒரு நிமிடம்

— சாவி உங்ககிட்டதான் இருக்கு. திறங்க. படியில நின்னு பேச வேண்டாம்.

— பஸ்ல வாயே திறக்கலை நீ. இப்பவாச்சும் சொல்லு, என்ன ஆச்சு?

— உங்க டீச்சர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாங்கன்னு காதுல விழுந்துச்சா, இல்லையா?

— எங்க விழுந்துச்சு? மொழி வகுப்பு முடியற நாள்னு ஆளாளுக்குக் குடும்பத்தோட வந்து நின்னா, ஒரே இரைச்சல்.

— "நீங்கதான் அவரோட அக்காவா? உங்களைப் பத்தி நிறையக் கேட்டிருக்கேன்"னாங்க.

— அட, இதுக்கா? அவ்வளவு பேருக்குப் பாடம் எடுக்கறாங்க. பாவம், யாரையோ நினைச்சுக் குழம்பிட்டாங்க.

— குழம்பலைங்க. "தம்பி லிஃப்ட் கம்பெனி வேலைக்கு வெளிநாட்டுக்கு அவ்வளவு தூரம் போறாரு, இனிமே நீங்க தனியா எப்படி இருப்பீங்க"ன்னு கேட்டாங்க. அவ்வளவு அக்கறையா. நானும் பல்லைக் காட்டிட்டு வந்தேன். அந்த இடத்துல வேற என்ன பண்ண?

— முதல்ல உட்காரு. விஷயம் என்னன்னா...

— நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லுங்க.

— விஷயம் என்னன்னா, அது சும்மா பேச்சுப் பயிற்சிம்மா. 'குடும்பத்தைப் பத்தி ஒரு நிமிஷம் பேசி, போன்ல பதிவு பண்ணி அனுப்புங்க'ன்னு டீச்சர் சொல்லுவாங்க. அப்ப பாடத்துல அப்பா, அம்மா, அண்ணன், அக்கா வரைக்கும்தான் வந்திருந்துச்சு. பொண்டாட்டி அடுத்த பாடத்துல. தெரிஞ்ச வார்த்தையை வெச்சு ஒப்பேத்தினேன்.

— அடுத்த பாடம் வரவே இல்லையா?

— வந்துச்சு. அதுக்குள்ள அந்த ஒரு நிமிஷம் மனப்பாடம் ஆயிடுச்சே. லிஃப்ட் குழிக்குள்ள தலைகீழாத் தொங்கி ஒயர் மாட்டச் சொல்லு, மாட்டறேன். அந்த மொழியில ஒரு வாக்கியத்தை உருவினா மொத்தமும் சரிஞ்சுடும் எனக்கு. டீச்சர் வேற "ரொம்ப இயல்பா இருக்கு"ன்னு பாராட்டிட்டாங்க. ஒவ்வொரு வாரமும் அதையே மெருகேத்திக்கிட்டு இருந்தேன்.

— இயல்பா இருந்துச்சாமா. சரி, அதை யாரு பதிவு பண்ணது?

— எதை?

— அந்த இயல்பான ஒரு நிமிஷத்தை. யாரு போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னது?

— நீதான்.

— நான்தான். மேஜையில வெச்சா கரகரங்குதுன்னு உங்க வாய்க்கு ஒரு சாண் தள்ளி, கை கடுக்கப் பிடிச்சேன். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, எதிரொலி வருதுன்னு பீரோ கதவுல போர்வையைத் தொங்கவிட்டு, உங்க நெத்தி வேர்வையைத் துடைச்சுவிட்டு. நீங்க என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே 'எனக்குக் கல்யாணம் ஆகலை, அக்காகூட இருக்கேன், இதோ போனைப் பிடிச்சிருக்காங்களே அவங்கதான், நல்லா சமைப்பாங்க'ன்னு பேசியிருக்கீங்க.

— போன் பிடிச்சதுகூடவா டீச்சர் சொன்னாங்க?

— அது கிடக்கட்டும். சொன்னீங்களா, இல்லையா?

— ஒரு தமாஷுக்குச் சேர்த்தேன். டீச்சர் சிரிப்பாங்கன்னு. பயிற்சிம்மா அது, யாரு கேட்டுக்கிட்டு இருக்கப் போறா?

— போன வாரம் பண்ணது? அதுவும் பயிற்சியா?

— எது?

— பரீட்சைக்குன்னு அனுப்பினீங்களே. அது டீச்சருக்கா போச்சு?

— இல்லை. அங்க இருக்கற கம்பெனிக்கு.

— அதுலயும் அக்காதானா?

— விஷயம் என்னன்னா...

— அக்காதானா?

— அக்காதான். முழுசாக் கேளு, அப்புறம் திட்டு. முதல்ல அனுப்பறது கல்யாணம் ஆகாதவங்களைத்தான்னு இங்க எங்க மேனேஜர் சொல்லிட்டாரு. தங்கற இடம் அப்படியாம், கட்டில் மேல கட்டில் போட்டு ஒரே அறையில அடைச்சு வைப்பாங்களாம். வகுப்புப் பதிவுல ஏற்கனவே அக்கான்னுதான் இருக்கு. அதோட ஒத்துப்போகட்டும்னு விட்டுட்டேன். போய்க் கால் ஊன்றிட்டேன்னா உன்னைக் கூப்பிட்டுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

— என்னன்னு சொல்லிக் கூப்பிடுவீங்க?

— அப்ப ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்.

— மேனேஜர் இதை எப்ப சொன்னாரு?

— ஞாபகம் இல்லை.

— நான் பல் ஆஸ்பத்திரி வேலையை விடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

— இப்ப எதுக்கு அது?

— முன்னாடியா, பின்னாடியா?

— முன்னாடி.

— ஆக, தெரியும். "அவசரப்படாதே, டிக்கெட் கையில வரட்டும்"னு டாக்டரம்மா தலைதலையா அடிச்சுக்கிட்டாங்க. "ரெண்டு பேருமா போறோம் டாக்டர், அவருதான் அங்க எல்லாம் பேசறாரே"ன்னு இளிச்சுக்கிட்டு, நான் உட்கார்ந்த நாற்காலியைப் புதுசா வந்த பொண்ணுக்குக் கொடுத்துட்டு வந்தேன். வந்ததும் உங்ககிட்டதான் சொன்னேன். கையில இருந்த கிரீஸைத் துடைச்சுக்கிட்டே 'சரி'ன்னீங்க. ஒரே ஒரு சரி.

— சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த. கெடுக்க மனசு வரலை.

— அப்புறம் என் பெட்டிக்குப் பூட்டு வாங்கிட்டு வந்தீங்களே, அதுவும் மனசு வராமத்தானா?

— நீ கேட்ட, வாங்கினேன்.

— நான் குளிருக்குன்னு ஸ்வெட்டர் மடிச்சு வெச்சேன். மூடி மூட மாட்டேங்குதுன்னு நீங்கதான் பெட்டி மேல உட்கார்ந்து அமுக்கினீங்க. போகவே போகாத பெட்டிங்க அது. எப்படிங்க உட்கார முடிஞ்சுது?

— நான் என்ன ஊர்ல இல்லாத கொலையா பண்ணிட்டேன்? இன்னொருத்தி பின்னாடியா போனேன்?

— போயிருந்தாக்கூட இவ்வளவு வயிறு எரிஞ்சிருக்காது. அவளுக்கு ஒரு மூஞ்சி இருக்கும். நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வந்திருப்பேன். நீங்க என்னைப் பக்கத்துலயே நிக்க வெச்சு, என் கையாலயே என்னை இல்லைன்னு ஆக்கிட்டீங்க. யாருகிட்ட போய் என்னன்னு சொல்ல?

— பெரிய பெரிய வார்த்தையா பேசாதே. குடும்பத்துக்காகத்தானே இவ்வளவும்.

— எந்தக் குடும்பம்? அக்காவும் தம்பியும் இருக்கற குடும்பமா?

— குத்திக் காட்டினது போதும். இப்ப நான் என்ன பண்ணணும், அதைச் சொல்லு. கம்பெனிக்குப் பேசி, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு ஒத்துக்கட்டுமா? அடுத்த வாரம் கிளம்பணும். கைக்கு வந்தது போயிடும், பரவாயில்லையா உனக்கு?

— நான் ஒண்ணும் பண்ணச் சொல்லலையே.

— அப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா என்ன அர்த்தம்? எல்லாப் பழியும் என் தலையிலதானா? நீயும்தானே கூட நின்ன. பரீட்சை அன்னிக்கு ஒரே தடவையில முடிச்சு அனுப்பவே இருந்தேன். 'தொண்டை கம்முது, அழிச்சுட்டு முதல்லேர்ந்து பேசுங்க'ன்னு சொன்னது யாரு? நீதானே. அந்த ரெண்டாவது பதிவுதான் அங்க போச்சு. தெளிவாப் பேசறாருன்னு அவங்க எடுத்துக்கிட்டதே அதைக் கேட்டுதான்.

— ஆமா. முதல் தடவையைவிட ரொம்பத் தெளிவா இருந்துச்சு.

— பார்த்தியா. என்ன பேசறேன்னு புரியாட்டாலும் உனக்குக் காது நல்லாவே இருக்கு.

— புரியும்ங்க.

— என்ன புரியும்?

— அந்த மொழி. ரெண்டு பேருமாப் போறோமே, நீங்க வேலைக்குப் போயிட்டா கடைக்கண்ணிக்குப் போய் நான் வாயில்லாம நிக்கக் கூடாதேன்னு, உங்க பாடத்தையே மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல காதுல மாட்டிக்கிட்டுப் படிச்சேன். அங்க போய் இறங்கினதும் பேசிக் காட்டி உங்களை அசத்தணும்னு ஒரு ஆசை. பொண்டாட்டி வர்ற பாடத்தை உங்களுக்கு முன்னாடியே முடிச்சுட்டேன்.

— அப்ப டீச்சர் சொல்லித்தான் உனக்குத் தெரியும்னு நினைச்சேனே.

— டீச்சர் சொன்னது எனக்குப் புதுசு இல்லை. பயிற்சிக்கு என்னத்தையோ உளறட்டும், பரீட்சை அன்னிக்கு என்னைப் பொண்டாட்டின்னு சொல்லிடுவாருன்னு நம்பிக்கிட்டு இருந்தேன். அந்த நம்பிக்கையிலதான் வேலையையும் விட்டேன்.

— அன்னிக்கு நீ போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்ப, எல்லாமே உனக்குப் புரிஞ்சுதா?

— ஒரு வார்த்தை விடாமப் புரிஞ்சுது. உங்க தொண்டை கம்மவே இல்லைங்க. மாத்திச் சொல்ல உங்களுக்கு இன்னொரு தடவை கொடுத்தேன்.