கணினிக் கதவம் காத்த பியூலா சாலமோன் அவர்களுக்கு

கல்லூரியின் கணினிக் கதவங்களைக் கருத்தாய்க் காத்த காவலே! செம்பாக்கத்து மழைநீரிலும் சேலையூர் நெரிசலிலும் ஸ்கூட்டரைச் செலுத்திச் சிரித்த முகத்தோடு வந்து நின்ற செயல்வீரரே! கண்டிப்பும் கனிவும் கைகோத்து நடக்கக் கணினிப் பிரிவை ஆண்ட மேலாளரே! எங்கள் அன்பிற்கினிய பியூலா மேடம் அவர்களே! நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், பிரிய மனமின்றி, ஆனால் பெருமிதம் குன்றாமல், உங்களை வணங்குகிறோம்.

அனகாபுத்தூர்ச் சந்துகளில் அடையாற்று வெள்ளம் புகுந்த மழைக்காலத்தில், தேர்வுப் பிரிவினர் வீட்டிலிருந்தே அலுவலகக் கணினியை இயக்கட்டும் என்று ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருளை அவசர அவசரமாகத் திறந்துவிட்டது நம் நிர்வாகம். வெள்ளம் வடிந்தது, திறந்த வழி மட்டும் இணையத்தை நோக்கி அப்படியே கிடந்தது. ஊரில் உள்ளவன் எல்லாம் வந்து கதவைத் தட்டிப் பார்ப்பான் என்று நீங்கள் கரடியாய்க் கத்தினீர்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சுகம் கண்ட எங்கள் காதில் அது விழவில்லை.

அதற்கும் மேலாக நம் கல்லூரிக்கே உரிய வழக்கம் ஒன்றிருந்தது. ஓய்வுபெற்றவரின் கணினிக் கணக்கை நாம் நீக்குவதில்லை. "பெரியவர் பேரை எப்படிம்மா எடுக்கறது? மரியாதையா இருக்காதே" என்பார்கள். அப்படி மரியாதைக்காக விட்டுவைத்த கணக்குகளில் ஒன்று, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராய் இருந்து ஓய்வுபெற்ற ஸ்ரீநிவாசராகவன் சாருடையது. கடவுச்சொல்லும் அவர் பேத்தியின் பெயராகவே கடைசி வரை இருந்தது.

பின்னர் ஒரு பொங்கல் விழாவில், ஓய்வுபெற்றோரையும் அழைத்துப் பந்தி வைத்த நண்பகலில், உங்கள் கைப்பேசி ஒலித்தது. வெளியிலிருந்து யார் நுழைந்தாலும் உங்களுக்குத் தெரியும்படி நீங்களே செய்து வைத்திருந்த ஏற்பாடு அது. ராகவன் சார் தேர்வுக் கணினிக்குள் நுழைந்துவிட்டார் என்றது செய்தி. நிமிர்ந்து பார்த்தீர்கள், எதிர் வரிசையில் சர்க்கரைப் பொங்கலை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் சார்.

"சார், இப்போ நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கீங்களா?"

"நான் பந்தியில இருக்கேம்மா! இன்னொரு கரண்டி கேட்டேன், யாரும் வரல!"

பாதி இலையில் எழுந்து பட்டுப்புடவையோடு நீங்கள் ஓடிய ஓட்டத்தை நாங்கள் இன்றும் பேசிப் பேசிச் சிரிக்கிறோம். அன்று எங்களுக்கு உயிரே இல்லை. இறுதியாண்டு மாணவியர் அனைவரின் மதிப்பெண்களும் அந்தக் கணினியில்தான் இருந்தன. பணம் பறிக்கவென்று கோப்புகளை ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கியிருந்தான், சாரின் கணக்கு வழியே உள்ளே புகுந்தவன். நீங்கள் இணையக் கம்பியைப் பிடுங்கினீர்கள். பூட்டப்பட்டவற்றையும், எந்தக் கணினியோடும் இணைக்காமல் பீரோவில் தனியே வைத்திருந்த நகலிலிருந்து மீட்டீர்கள். ஒரு மாணவியின் ஒரு மதிப்பெண்ணும் போகவில்லை, மேடம்! அவர்கள் உரிய நாளில் பட்டம் வாங்கினார்கள்.

அதன்பின் உங்கள் ஆட்சி! இணையத்திலிருந்து நேரே நுழையும் வழியை அடைத்தீர்கள். கல்லூரியின் தனிப் பாதுகாப்பு இணைப்பு வழியே வருவோர்க்கே அனுமதி என்றீர்கள். கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் எண்ணும் வேண்டும், தவறாகத் தட்டிக்கொண்டே இருந்தால் கணக்கு தானே பூட்டிக்கொள்ளும் என்று ஆக்கினீர்கள். மென்பொருளுக்குத் திருத்தம் வந்தால் சுடச்சுட நிறுவினீர்கள். பழுதுபார்க்க வெளியிலிருந்து இணைவோருக்கு வேலை முடியும்வரை மட்டுமே வழி திறந்து, அருகில் அமர்ந்து பார்த்து, உடனே மூடினீர்கள். "இன்னா மேடம், இத்தினி வருசமா கீறேன், என்கிட்டயே ஓடிபி கேக்குது?" என்று பொருமினார் நம் அலுவலக உதவியாளர் அந்தோணிசாமி. "என்கிட்டயும்தான் கேக்குது அந்தோணி" என்றீர்கள்.

ஆனாலும் ராகவன் சாரை ஒரு சொல் குறை சொன்னதில்லை நீங்கள். இதோ, முன்வரிசையில் அமர்ந்து அவர் கைதட்டுவதைக் காண்கிறீர்கள்.

மேற்குத் தாம்பரத்தில் கண்ணாடிச் சட்டமிடக் கொடுத்திருந்த இம்மடலை, இன்று காலை நடந்ததைச் சேர்ப்பதற்காகவே திரும்ப வாங்கினோம். கழுத்தில் மாலை விழுவதற்கு முன் உங்கள் கணக்கை மூடிவிடச் சொன்னீர்கள். உங்கள் இடத்துக்கு வரும் அனந்தகிருஷ்ணனுக்குக் கை வரவில்லை.

"ஒரு மாசம் இருக்கட்டுமே மேடம். ஏதாச்சும்னா நீங்க வீட்ல இருந்தே பாத்துக்கலாம்ல?"

"ராகவன் சார் மேலயும் இதே பாசம்தானேப்பா வெச்சிருந்தோம்? மூடு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடினார். நீங்கள் உங்கள் கடவுச்சொல்லைத் தட்டிப் பார்த்தீர்கள். உள்ளே விடவில்லை. மறுபடியும் தட்டினீர்கள், விடவில்லை. "நல்லா வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு எழுந்தீர்கள்.

நீங்கள் கட்டிய காவலை நாங்கள் கட்டிக்காப்போம். அதில் ஐயம் வேண்டா! உடல்நலமும் உள்ளநிறைவும் ஓங்க, இறையருள் துணைநிற்க, நெடுநாள் நிறைவாய் வாழ்க! அடுத்த பொங்கல் பந்தியில் உங்களுக்கும் இலை போட்டிருப்போம். பாதியில் எழ விடமாட்டோம். வாசல் வழியாக நேரில் வாருங்கள், மேடம். அந்தோணிசாமி ஓடிபி கேட்க மாட்டார்.

என்றும் உங்கள் அன்பில்,
கணினிப் பிரிவு, தேர்வுப் பிரிவு மற்றும் அலுவலகப் பணியாளர்கள்,
தாம்பரம்