கொழும்பு சார் மெச்சின காம்பரா

– என்ன மயூரதன் சார், பையக் கட்டிக்கிட்டு இருக்கீங்க? ஒரு வாரம் இருப்பேன்னுதானே தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்தீங்க?

– எனக்கு ஏலாது, அம்மாக்கண்ணு அக்கா. முதுகு விறைச்சுப் போச்சு. ஹட்டன் பஸ் எத்தினை மணிக்கு?

– இந்த மழையில எங்கங்க பஸ்ஸு? ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. உக்காருங்க, தேத்தண்ணி கலக்குறேன். அங்கன வேணாம், ஒழுகுது. இங்கன வாங்க. அட, இங்கனயும் ஒழுகுதே. சரி, அடுப்புக்கிட்ட வந்துருங்க.

– இந்த ஒரு காம்பரா அறைக்குள்ள எப்பிடி அக்கா ஆறு பேர் சீவிக்கிறியள்?

– அதத்தானே சார் நீங்க எங்களுக்கு வெளக்குனீங்க! வந்த அன்னைக்கு வாசல் இஸ்தோப்புல நின்னுக்கிட்டு, மொத்த லயத்தையும் கூப்பிட்டு வச்சு.

– அது கொள்கை, அக்கா. கொழும்பிலை சனம் மாளிகை மாதிரிக் கட்டி, ஏசி போட்டு, கரண்டை வீணாக்குது. ஒரு அறைக்குள்ளயே சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் அடங்கவேணும். அதுதான் வெள்ளவத்தையிலை சின்ன வீடு கட்டப் போறன்.

– சின்ன வீடா? ஒங்க சம்சாரத்துக்குத் தெரியுமா சார்?

– ஐயோ, அந்தச் சின்ன வீடு இல்லை! இயற்கையோட இசைஞ்ச வீடு. நீங்கள் கரண்டே இல்லாமல் வாழுறியள் எண்டு எவ்வளவு மெச்சினனான்.

– ரெண்டாயிரமாவது வருசம் பொறந்தும் எங்களுக்குக் கரண்டு குடுக்கலீங்களே. குடுத்தா நாங்களும் கொஞ்சம் வீணாக்கிப் பாப்போம்.

– காலைமை கக்கூஸ் வரிசையிலை நிண்டன். செல்லசாமி அண்ணை, "சார் விருந்தாளி, மொதல்ல அவர விடுங்க" எண்டு கத்த, முழு லயமும் திரும்பிப் பாத்தது. எனக்கு வந்ததும் நிண்டு போச்சு.

– எங்க வீட்டுக்காரர் கொரலு அப்பிடித்தாங்க. மரியாத குடுத்தா ஊருக்கே கேக்கும்.

– பக்கத்துக் காம்பராவிலை மாயாண்டி இருமினா என்ரை நெஞ்சு அதிருது.

– அவரு என்னங்க பண்ணுவாரு? ஒங்களுக்கு எடம் விட்டுட்டு நாங்க ஆறு பேரும் அவரு காம்பராவுலதானே கெடக்குறோம். கையக் கால நீட்ட முடியாம அவரு நெஞ்சு மேல நீட்டிர்றோம்.

– கடவுளே! நான் தனி ஆளா இருந்தே ஏலாமல் ஓடுறன். அக்கா, நான் பெரிய பிழை விட்டிட்டன். பங்களாவிலை சாப்பிடேக்கை, இதைப்போல வீடு உலகத்திலையே இல்லை எண்டு தோட்டத்துத் துரைக்குச் சொன்னன். இப்பவே போறன். மனுசர் இருக்கிற இடமில்லை எண்டு முகத்துக்கு நேர சொல்லிப்போட்டு வாறன்.

– ஐயோ சார், ஒங்க கால்ல விழுறேன்! அந்த வேல மட்டும் பண்ணிப்புடாதீங்க!

– ஏன்? உங்களுக்காகத்தானே சொல்லப் போறன்.

– மனுசன் இருக்க முடியாதுன்னு எங்க பாட்டன் காலத்துலருந்து நாங்க சொல்லலையா? யூனியன் சொல்லலையா? காலையில பேரு குடுக்குற பெரட்டுக்குப் போகாம ஸ்ட்ரைக்கு பண்ணினோம். எங்க வீட்டுக்காரர வேலையவுட்டு நிப்பாட்டி வச்சாங்க. ஒரு தகரம் மாத்துனாங்களா? நீங்க ஒருவேள சோறு தின்னுக்கிட்டே புகழ்ந்தீங்க பாருங்க, துரைக்கு ஆச வந்துருச்சு!

– என்ன ஆசை?

– லயத்த வெள்ளையடிச்சு, வெள்ளக்காரங்களுக்கும் கொழும்புக்காரங்களுக்கும் வாடகைக்கு விடப்போறாராம். நேத்து கணக்கப்பிள்ளை வந்து சொல்லிட்டுப் போனாரு.

– அப்ப நீங்கள் எங்க போறது?

– நாங்க அவங்க கண்ணுல படக்கூடாதாம் சார். மேல கொழுந்து நிறுக்குற பழைய மடுவத்துக்கு அந்தாண்ட குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி. ரெண்டு காம்பரா, சமைக்கத் தனிக் குசினி, தனிக் கக்கூஸ். துரையே கட்டிக் குடுக்குறாராம். நேத்து நனஞ்சுக்கிட்டே போயி பாத்தோம். எங்க வீட்டுக்காரர் காலடியால காணிய அளந்து அளந்து பாத்தாரு. எங்க மக நிலக்ஷிதான், "நான் இங்கதான் படுப்பேன்"னு அந்த ஈர மண்ணுல நீட்டி நிமிந்து படுத்துக் காட்டுனா.

– எனக்கு இது ஒண்டும் தெரியாது, அக்கா.

– இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல. அந்தா, ஜீப்பு சத்தம் கேக்குது. ஒங்ககிட்ட கடைசியா ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் துரை முடிவு பண்ணுவாராம். மொகத்தத் தொடச்சிட்டு சிரிங்க சார்.

– சிரிச்சுப்போட்டு? அந்த மனுசனுக்கு நான் என்னத்தைச் சொல்ல?

– ஒங்கள மாதிரி ஆளுக இருக்கத்தான் இந்தக் காம்பரா லாயக்குன்னு சொல்லுங்க.