எடுத்தாச்சு, விட்டாச்சு

— மெதுவா தம்பி, மெதுவா. அந்த வயரைப் பிடுங்கினா பெட்டி திரும்ப எழுந்திருக்கவே எழுந்திருக்காதுன்னு போன தடவை வந்தவர் சொல்லிட்டுப் போனார்.

— எழுந்திருக்க வேண்டாம்க்கா, தாத்தா தூங்கட்டும். அதான் புது சர்வர் கொண்டு வந்துட்டேன்ல. உங்க ஃபைல் எல்லாத்தையும் காலையிலேயே இதுலேருந்து அதுக்கு மாத்தியாச்சு. ரெண்டு ரூமும் இப்ப அதுலதான் ஓடுது. மாடிப்படிக்கு அடியில கொண்டு வந்து சொருகியிருக்கீங்க, பாருங்க, உள்ள ஒரு தலையணை தைக்கற அளவுக்குத் தூசி.

— அதெல்லாம் இருக்கட்டும். எங்க பிளான் ஒண்ணுகூடக் காணாமப் போகக் கூடாது. வீடு கட்டறவங்க கல்லையும் மண்ணையும் கொட்டி வச்சுக்கிட்டு எங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க.

— ஒரு கோடுகூடப் போகாது, அதுக்கு நான் பொறுப்பு. இப்ப யார் யாருக்கு என்னென்ன உரிமைன்னு சொல்லுங்க. முன்ன மாதிரி ஆபீஸுக்கே ஒரே பாஸ்வேர்ட் கிடையாது. ஆளுக்கு ஒண்ணு. பார்க்கறது, மாத்தறது, அழிக்கறதுன்னு தனித்தனியாப் பிரிச்சுக் கொடுத்துடலாம்.

— மருந்துக்கடை எடுத்தாச்சூ!

— யம்மாடி! என்னக்கா அது? மருந்துக்கடையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்களா?

— சரீ! ... ஒண்ணுமில்ல தம்பி, பயப்படாதீங்க. பின் ரூம்ல என் தங்கச்சி. மருந்துக்கடை பிளானைத் திறந்திருக்காளாம். அவ மூடற வரைக்கும் நான் அதைத் தொடக் கூடாது. அதுக்குத்தான் குரல் கொடுக்கறா.

— நாலு எட்டு வச்சா இந்த ரூம். எழுந்து வந்து சொல்லக் கூடாதா?

— நாங்க பேசறதில்ல.

— யாரு?

— நானும் அவளும்தான். ஏழு வருஷமாச்சு.

— இப்பதானேக்கா பேசினாங்க!

— அது பேச்சு இல்ல தம்பி. அது தொழில்.

— நீங்களும் 'சரீ'ன்னீங்களே?

— அதுவும் தொழில்தான். அவ 'எடுத்தாச்சு'ன்னா நான் 'சரி'. 'விட்டாச்சு'ன்னா ஒரு 'ம்'. அதுக்கு மேல ஒரு எழுத்து கிடையாது. அவ வீடு மாத்தினதையே தபால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

— என்னக்கா இது, கூடப் பிறந்தவங்க!

— ஆனா உடம்பு சரியில்லைன்னா குரல்லயே தெரிஞ்சுடும். நேத்து 'மருந்துக்கடை'ங்கறப்ப தொண்டை கட்டியிருந்துச்சு. இன்னிக்குத் தேவலை. கேட்டீங்கல்ல, கணீர்னு இருந்துச்சே?

— எனக்குக் காது அடைச்சதுதான் தெரியும்க்கா. சரி, உரிமைக்கு வருவோம். அழிக்கற உரிமை யாருக்கு?

— அவளுக்குக் கொடுங்க.

— உங்களுக்கு?

— வேண்டாம்.

— முதலாளிக்கே இல்லாமலா? ஊர்ல எல்லாரும் 'எனக்கு மட்டும்தான்'னு நிப்பாங்க.

— நான் ஒரு தடவை அழிச்சதே போதும். அவளுக்கு மட்டும் போடுங்க.

— உங்க இஷ்டம். ஆனா ஒரு நல்ல சேதி இருக்கு, உட்கார்ந்து கேளுங்க. இனிமே இந்தக் கத்தலே வேண்டாம். ஒருத்தர் ஃபைலைத் திறந்திருந்தா, இன்னொருத்தரை அது உள்ள விடாது. 'வேற ஒருத்தர் கையில இருக்கு'ன்னு திரையில ஒரு அறிவிப்பு வந்து நிக்கும். பூட்டு போட்ட மாதிரி.

— ஓ.

— என்னக்கா, வெறும் 'ஓ'வா? இதைக் கேட்டு எழுந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினவங்க இருக்காங்க.

— தம்பி, ஒண்ணு சொல்றேன். இந்தப் பூட்டு விஷயத்தை உள்ள போய்ச் சொல்லிக்கிட்டிருக்காதீங்க.

— ஏன்?

— அவளுக்கு இதெல்லாம் புரியாது.

— கட்டடத்துக்கே பிளான் போடறவங்களுக்கு ஒரு பூட்டு புரியாதா?

— வேலையைப் பாருங்க தம்பி.

*

— வாங்கண்ணே, வாங்க வாங்க. அய்யய்யோ, அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும், இதுல உட்காருங்க. டீ சொல்லவா? பாஸ்வேர்ட் மாத்தணுமா? என் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் குப்பையா இருக்கும், பார்க்காத மாதிரி இருந்துடுங்க.

— கொஞ்சம் மூச்சு விட்டுக்குங்க தங்கச்சி. திறந்திருக்கறதை மூடிட்டீங்கன்னா உங்க பாஸ்வேர்டைப் போட்டுட்டுப் போயிடறேன், அஞ்சே நிமிஷம்.

— மருந்துக்கடை விட்டாச்சூ! ... மூடிட்டேண்ணே. முன் ரூம்ல என்ன சொன்னாங்க? எம்மேல புகார்தானே? சும்மா சொல்லுங்கண்ணே, நான் கோச்சுக்க மாட்டேன்.

— ஒரு புகாரும் இல்ல. தொண்டைக் கட்டு தேவலையாச்சுன்னு சந்தோஷப்பட்டாங்க.

— யாரோட தொண்டை?

— உங்களோடதுதான்.

— ... அதைக்கூடக் கவனிச்சாளா?

— நான் வாய் தவறிச் சொல்லிட்டேன். கேட்காத மாதிரி இருந்துடுங்க. ஆமா, ஏழு வருஷம் பேசாம இருக்கற அளவுக்கு அப்படி என்னம்மா நடந்துச்சு?

— ஒரு மாடிப்படிண்ணே. நூலகத்துக்கு ஒரு பிளான் போட்டேன். நட்ட நடுவுல வட்டமா ஒரு படிக்கட்டு, மேல கண்ணாடி, அது வழியா வெயில் அப்படியே படிப்படியா இறங்கி வரும். சோறு தண்ணி பார்க்காமப் போட்டேன். ஒரு நாள் சாயங்காலம் நானும் அதைத் திறந்து வச்சிருக்கேன், அவளும் திறந்து வச்சிருக்கா. ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. நான் போட்டு முடிச்சுச் சேவ் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அவ ஜன்னல் அளவை மாத்திட்டு, அவகிட்ட இருந்த பழசைச் சேவ் பண்ணிட்டா. என் படிக்கட்டு போயே போச்சு.

— தெரியாம நடந்ததுதானேம்மா.

— வேணும்னே பண்ணிட்டான்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டேன். வட்டப் படிக்கட்டுன்னா அவளுக்கு ஆகவே ஆகாது, வீண் செலவும்பா. 'நீ திறந்திருக்கேன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும், சொல்லிட்டு எடுக்க வேண்டியதுதானே'ன்னா. 'இனிமே தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டு எடுக்கறேன்'னேன். மறுநாள் வந்ததும் வராததுமாக் கத்தினேன். வீம்புக்குத்தான். அவளும் வீம்புக்கு 'சரீ'ன்னா. அப்படியே நிலைச்சுப் போச்சு.

— பள்ளிக்கூடம் எடுத்தாச்சூ!

— சரீ! ... பாருங்க, பள்ளிக்கூடத்தை எடுத்திருக்கா. இன்னிக்கு மத்தியானம் சாப்பிடலை அவ.

— அது எப்படித் தெரியும்?

— 'எடுத்தாச்சூ'ங்கறதுல கடைசி இழுப்பு குறைஞ்சிருந்துச்சுல்ல? பசியா இருந்தா அப்படித்தான்.

— அடேயப்பா! என் வீட்டம்மா என்கிட்ட முக்கால் மணி நேரம் பேசினாக்கூட எனக்கு இவ்வளவு விவரம் தெரியாது. சரி தங்கச்சி, இனிமே உங்க தொண்டைக்கு ஓய்வு. புதுப் பெட்டியில...

— ஷ்ஷ்! மெதுவாண்ணே!

— நான் இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்லையே.

— பூட்டுதானே? ஒருத்தர் திறந்தா இன்னொருத்தருக்குத் திறக்காது, அறிவிப்பு வரும், அதானே?

— ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எங்கேயோ படிச்சேன். அண்ணே, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன், இதை அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.

— ஏன்?

— அவளுக்கு இதெல்லாம் புரியாது.

— இந்த ஆபீஸ்ல யாருக்குமே பூட்டு புரியாது போலிருக்கே! சொல்லாம இருக்கலாம்மா, ஆனா டெஸ்ட் பண்ணிப் பார்க்காம நான் கிளம்ப முடியாது. அதுக்கு ரெண்டு பேரும் ஒரே ஃபைலை ஒரே நேரத்துல திறக்கணும்.

— டெஸ்ட் எல்லாம் எதுக்குண்ணே? உங்க மேல நம்பிக்கை இருக்கு.

— எனக்கு என் மேல இல்ல. வாங்க.

*

— ரெண்டு பேரும் கேட்டுக்குங்க! நான் நடு வராந்தாவுல நிக்கறேன். முன் ரூம்ல அக்கா பள்ளிக்கூடத்தைத் திறந்திருக்காங்க. பின் ரூம்ல தங்கச்சி, நீங்களும் அதையே திறங்க. என்ன வருது?

— ஒண்ணும் வரலைண்ணே!

— ஒண்ணுமே வரலையா?

— ஜம்முனு திறந்துடுச்சு!

— ஐயையோ, திறக்கக் கூடாதும்மா! சரி, மாத்திப் பண்ணுவோம். அதை மூடிட்டு மருந்துக்கடையைத் திறங்க.

— மருந்துக்கடை எடுத்தாச்சூ!

— சரீ!

— 'சரி' வேண்டாம்க்கா, நீங்களும் மருந்துக்கடையைத் திறங்க!

— அவ எடுத்திருக்கறப்ப நான் எப்படித் தம்பி தொடறது?

— டெஸ்ட்டுக்கா!

— திறந்துட்டேன், போதுமா?

— அறிவிப்பு வந்துச்சா?

— என்ன அறிவிப்பு? அப்படி ஒண்ணும் கண்ணுல படலையே.

— வரணுமேக்கா! வீட்டுல ராத்திரி எத்தனை தடவை பார்த்தேன்! ஒவ்வொரு தடவையும் சமர்த்தா வந்துச்சே!

— பரவாயில்ல தம்பி, மனசை விட்டுடாதீங்க. நாங்க கத்திக்கறோம்.

— ஆமாண்ணே, நாங்க கத்திக்கறோம். எங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல.

— எனக்கு இருக்கே! பூட்டாத பூட்டைப் போட்டுட்டு வந்தான்னு நாளைக்கு நாலு ஆபீஸ்ல சொன்னா நான் எங்க போறது? இருங்க, பழைய பெட்டியில எப்படி வச்சிருந்தாங்கன்னு ஒரு தடவை பார்த்துடறேன்.

— அது எதுக்குத் தம்பி? ஒரே தூசி!

— அதைத் தொடாதீங்கண்ணே, எழுந்திருக்காது!

— இப்ப எதுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து பதறறீங்க? ... பாருங்க, தாத்தா முனகிக்கிட்டே எழுந்துட்டார். எங்க இருக்கு... பயனர், உரிமை, பகிர்வு... அட! அக்கா, கொஞ்சம் இங்க வாங்க. தங்கச்சி, நீங்களும்.

— எனக்கு வேலை இருக்குண்ணே.

— வாங்கன்னா வாங்கம்மா!

— வந்துட்டேன். அவங்களைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்கண்ணே, நிக்க இடமில்ல.

— எனக்கே தலை மாடிப்படியில இடிக்குதுன்னு அவகிட்டச் சொல்லுங்க தம்பி.

— நான் சொல்லாமலே ரெண்டு பேருக்கும் கேட்டிருக்கும். முட்டிக்காம இதைப் பாருங்க. இதுதான் பூட்டு. இந்தப் பழைய பெட்டியிலயே போட்டுத்தான் வச்சிருக்காங்க! இது இருந்தா அறிவிப்பு வந்தே தீரணும். ரெண்டு பேரும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையா?

— நான் பார்த்ததில்ல தம்பி.

— நானும் பார்த்ததே இல்லைண்ணே, சத்தியமா.

— அப்ப அக்கா, உங்க ரூம் கதவு திறந்துதான் கிடக்கு. இங்கேருந்தே உங்க திரை தெரியுது. நட்ட நடுவுல, 'மருந்துக்கடை வேற ஒருத்தர் கையில இருக்கு'ன்னு நிக்குதே, அது என்ன?

— அது... அது வேற ஏதோ வந்திருக்கு.

— அய்யய்யோ! அவளுக்கும் வருதா?

— என்ன தங்கச்சி சொன்னீங்க? அவளுக்'கும்'மா?

— ... ஆமாண்ணே. எனக்கும் வந்துச்சு. இன்னிக்கு மட்டும் இல்ல. பழைய பெட்டியிலயும் வரும். அவ எடுத்தாச்சுன்னு கத்தினதைக் கவனிக்காமத் திறந்துட்டேன்னா வந்து நிக்கும். சட்டுனு மூடிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துடுவேன்.

— இருந்துட்டு, வேலை மெனக்கெட்டுக் கத்தவும் கத்துவீங்களா? எதுக்கும்மா?

— கத்த வேண்டாம்னு அவளுக்குத் தெரிஞ்சுட்டா நிறுத்திடுவாளே அண்ணே! அப்புறம் அவ குரலை நான் எங்க போய்க் கேக்கறது? ஞாயித்துக்கிழமை ஒரு நாள் கேக்காததே எனக்கு என்னமோ மாதிரி இருக்கும். அவளுக்குத் தெரியாத வரைக்கும் நல்லதுன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன்.

— கேட்டீங்களாக்கா?

— கேட்டுச்சு. எனக்கென்ன காதா செவிடு?

— ஏதாவது சொல்லுங்க. தொழில் பேச்சா இல்லாம.

— ... ஏன்டி அழற?

— அழலை, சிரிக்கறேன். நீ ஏன்க்கா அறிவிப்பு வரலைன்னு பொய் சொன்னே?

— நீ சொன்ன அதே காரணத்துக்குத்தான். நீ நிறுத்திடுவியேன்னு எனக்கும் பயம் இருக்காதா?

— அட ஆண்டவனே! ரெண்டு பேரும் சேர்ந்து என் பூட்டை ரிப்பேர்னு ஆக்கிட்டீங்களே! எனக்கு வேர்த்தே போச்சு!

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்கண்ணே. அக்கா, பழைய பெட்டியிலயே பூட்டு இருக்குன்னு உனக்கு எப்பத் தெரியும்?

— எப்பத் தெரியுமா? பைத்தியக்காரி, உன் படிக்கட்டு அழிஞ்ச மறுநாள், நீ வர்றதுக்கு முன்னாடியே ஆளைக் கூட்டிட்டு வந்து அந்தப் பூட்டைப் போட வச்சதே நான்தான்டி. உன்கிட்டச் சொல்லலாம்னு எழுந்தேன், அதுக்குள்ள நீ உள்ளேருந்து 'எடுத்தாச்சூ'ன்னு கத்திட்டே.