அவள் மொழிபெயர்த்துச் சொன்னது

1. ஒஸ்லோவில், ஹொல்ம்லியா போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள் வந்து அமர்ந்தார்கள்.
2. இளையவள் வயிற்றைப் பிடித்தபடி மெதுவாகத்தான் உட்கார்ந்தாள்.
3. "அக்கா, ரெண்டு கருக்குழாயையும் எடுத்துப்போட்டினம். அவருக்கு ஒண்டு எண்டுதான் சொன்னனான்," என்றாள்.

"டொக்டர் உன்ர மனுசனுக்கு முன்னாலைதானே சொன்னவர்?"

"ஓம். அவருக்கு நொர்ஸ்க் பாஷை விளங்காது. நான்தான் தமிழிலை சொன்னனான்."

"ஆஸ்பத்திரியிலை மொழிபெயர்க்க ஆக்கள் இருக்கினமெல்லே?"

"அவர்தான் வேண்டாமெண்டவர். வாறது எங்கடை கோயில் ஆளாத்தான் இருக்கும், ஒஸ்லோ முழுக்கக் கதை பரவுமெண்டு பயம்."

"நல்ல ஆளடி நீ! டொக்டரையே திருத்திப்போட்டாய்."

இளையவள் சிரிக்கவில்லை.

"பிள்ளை குழாய்க்குள்ளை தங்கிப்போச்செண்டே அப்பிடி அழுதவர். மற்றக் குழாயும் பழுதெண்டு எப்பிடியக்கா சொல்லுறது? இப்ப ஒவ்வொரு நாளும், ஒண்டு இருக்குத்தானே, உனக்குச் சுகமாகட்டும், பிறகு பாப்பம் எண்டுறார்."

"இண்டைக்கே சொல்லிப்போடு."

"நாளைக்குத் திரும்ப டொக்டரிட்டைப் போகவேணும். அவரும் வாறார். ஆர் அறிஞ்சாலும் பரவாயில்லை, நீ நல்லாக் களைச்சுப்போனாய் எண்டு, மொழிபெயர்க்க ஆள் கேட்டுத் தானாவே ஆஸ்பத்திரிக்கு மெசேஜ் அனுப்பிப்போட்டார்."

இருவரும் ஹொல்ம்லியாவில் இறங்கினார்கள். இளையவளின் கணவருக்கு இன்னும் தெரியாது.