கீழே ஓட்டை உள்ள மவுண்ட்

— இப்பல்லாம் எவன் முழுசா ஒரு சாமானை விக்கிறான், சொல்லு டோரீன். டார்ச் வாங்கினா பேட்டரி தனி. ஏணி வாங்கினா பூட்டுற ஆணி தனி. துப்பாக்கி வாங்கினா குறி பாக்கிற சாமான் தனியாம். நாளைக்குத் தோட்டாவை வித்துட்டு உள்ள போடுற மருந்து தனின்னு சொல்லுவான்.

— நீங்க வாங்கினது முந்நூத்தம்பது டாலர் துப்பாக்கி, ஆர்விட். அந்த விலைக்குக் குழலும் கட்டையும் போல்ட்டும் குடுத்ததே பெருசு. நாளன்னிக்கு மான் சீசன். ஊரே வந்து வேணும்கிறதை வாங்கிட்டுப் போயாச்சு. நீங்க மட்டும்தான் ஒன்பது மணியிலேர்ந்து என் மேசையில சாஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க.

— வேணும்கிறதைத்தான் நானும் கேட்டேன். கீழ ஓட்டை உள்ள மவுண்ட்.

— அதுக்கு நான் பதிலும் சொன்னேன்.

— வேகமாச் சொன்னே. வேகமாச் சொல்றவங்களை நான் நம்புறதில்ல.

— சரி, மெதுவாச் சொல்றேன், கேளுங்க. துப்பாக்கி மேல குறி பாக்கிற கண்ணாடிக் குழாயை உக்கார வைக்க ரெண்டு பிடி வேணும். அதுதான் மவுண்ட். தாழ்வா வருது, நடுத்தரமா வருது, உசரமா வருது. நீங்க கேக்குறது பாலம் மாதிரி. மேல கண்ணாடி உக்காரும், கீழ ஓட்டை இருக்கும். கண்ணாடி மக்கர் பண்ணினா அந்த ஓட்டை வழியா, குழல் மேல இருக்கிற இரும்புக் குறியைப் பாத்துப் பழையபடி சுட்டுக்கலாம். சரியா?

— அதேதான். இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கே, அப்புறம் ஏன் எடுத்துத் தர மாட்டேங்கிறே?

— உங்க துப்பாக்கியில இரும்புக் குறியே கிடையாது.

— என்னது கிடையாது?

— தடவிப் பாருங்க. நுனியில குமிழ் இருக்கா? பின்னால வெட்டு இருக்கா? மொழுமொழுன்னு மண்வெட்டிக் காம்பு மாதிரி இருக்கு. ஓட்டை வழியாப் பாத்தா என்ன தெரியும்?

— மான் தெரியும்.

— மான் தெரியும். குண்டு எங்க போகும்?

— மான் நிக்கிற பக்கமாப் போகும்.

— கடவுளே.

— நீ கடவுளைக் கூப்பிடாதே. ரெய்னோவைக் கேளு. என் மச்சான்தானே, அவன் துப்பாக்கி மேலயும் கண்ணாடி உக்காந்திருக்கு. ஒரு வருஷம் ராத்திரி பூரா அதை எங்க வேட்டைக் குடிசையில அடுப்புக்குப் பக்கத்துல சாத்தி வச்சான். காலையில பனிக்குள்ள எடுத்துட்டு வந்தா ஒரே ஆவி. கைக்குட்டையால துடைச்சுக்கிட்டே உக்காந்திருந்தான். நாலு மான் அவனை வேடிக்கை பாத்துட்டுப் போச்சு. அன்னிக்கே முடிவு பண்ணினேன், கண்ணாடியை நம்புறதில்லைன்னு.

— அது நடந்து நாப்பது வருஷம் இருக்கும். எங்கப்பா கடையில இருந்த காலம். இப்ப வர்றது ஆவி பிடிக்காது.

— விக்கிறவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.

— நான் ஒண்ணு கேக்கட்டுமா? உங்க பழைய துப்பாக்கியில நல்ல இரும்புக் குறி இருந்துச்சே. அம்பது வருஷமா அதைத்தானே தூக்கிட்டுப் போனீங்க. அது எங்க?

— பேத்திக்குக் குடுத்துட்டேன்.

— எப்ப?

— மார்ச்சுல.

— எதுக்கு?

— சின்னப் பொண்ணு. கண்ணு நல்லாத் தெரியுது.

— உங்களுக்குத் தெரியலையா?

— யாரு சொன்னா? ரெய்னோ இங்க வந்தானா?

— யாரும் சொல்லல. ஆனா சாப்பாட்டுக் கடையில ஏதோ சிரிச்சுப் பேசிக்கிட்டாங்க. போன சீசன்ல பத்துக் கிளைக் கொம்பு உள்ள கிடாவைப் பக்கத்துல பாத்துட்டு, பொட்டைன்னு சொன்னீங்களாம்.

— பொட்டைதான், புள்ள. நானும் ரெய்னோவும் மான் கண்ணுல படாம, ஒரே மறைப்புல உக்காந்திருந்தோம். யார் சுடுறதுன்னு எங்களுக்குள்ள முறை வச்சுக்கிறது வழக்கம், அன்னிக்கு என் முறை. அறுபது கஜம் கூட இருக்காது. ஒரு மான் வந்து நின்னுச்சு. அவன் என் விலாவுல இடிச்சு, பத்துக் கிளை, சுடு சுடுங்கிறான். நான் பாக்கிறேன், கொம்பும் இல்ல ஒண்ணும் இல்ல. பின்னால காஞ்ச புதர், அதோட குச்சிங்க தலைக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்குது. என் லைசென்ஸ் கிடாவுக்குத்தான். நான் சுடல. அது மெதுவா நடந்து போயிடுச்சு.

— ரெய்னோ என்ன சொன்னார்?

— அங்க ஒண்ணும் சொல்லல. குடிசைக்கு வந்து, சூப்பு ஊத்தும்போது ஆரம்பிச்சான். இந்த மாவட்டத்திலேயே பெரிய கிடாவாம், ஆர்விட் கண்ணுக்குப் பொட்டையாத் தெரிஞ்சுதாம். கூட வேட்டைக்கு வந்த அஞ்சு பேரும் என்னைப் பாத்தானுங்க. நோயாளியைப் பாக்கிற மாதிரி. ஒருத்தன் எனக்கு ரொட்டியில வெண்ணெய் தடவிக் குடுத்தான், நானே தடவிக்க மாட்டேனாம்.

— அடப்பாவமே.

— இந்த வருஷம் குடிசையில சட்டம் போட்டுட்டானுங்க. துப்பாக்கி மேல கண்ணாடி இருக்கணும். நாளைக்குக் காலையில நூறு கஜத்துல, அடுப்புல ஆப்பிள் பலகாரம் செய்யிற தகரத் தட்டை மாட்டுவாங்களாம். மூணு குண்டு, மூணும் தட்டுல விழணும். தப்பிச்சுன்னா எனக்கு மறைப்புல இடம் கிடையாது. குடிசையில உக்காந்து உருளைக்கிழங்கு உரிக்கணும்.

— அதுவும் ஒரு வேலைதானே.

— இதுக்கு முன்னால உரிச்சவன் வில்ஹோ. அவனையும் இப்படித்தான் உள்ள உக்கார வச்சாங்க. ரெண்டே சீசன்தான். மூணாவது சீசனுக்கு சர்ச்சுல எழுந்து நின்னு அவனைப் பத்தி நல்லதாப் பேசினோம்.

— நீங்க ஏன் அப்பவே விட்டுட்டீங்க? என் கண்ணு சரிதான், உன் கண்ணுதான் சரியில்லைன்னு ரெய்னோ மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே.

— அஞ்சு பேரு, டோரீன். அதுக்கப்புறம் ஒரு வருஷமா ஊரு. நான் எவன் சொன்னாலும் நம்பாதவன். பேங்க்காரன், பாதிரியார், வானிலை சொல்றவன், ஒருத்தனையும் நம்புனதில்ல. கடைசியில என் கண்ணையே நம்பாமப் போயிட்டேன். இல்லைன்னா அந்தத் துப்பாக்கியைக் குடுத்திருப்பேனா?

— சரி. இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. உங்களுக்கு நடுத்தர உசரம்தான் சரி. ரொம்பத் தாழ்வா வச்சா, தோட்டா ஏத்த போல்ட்டைத் தூக்கும்போது கைப்பிடி போய் கண்ணாடியில இடிக்கும். உசரமா வச்சா கன்னம் கட்டையில படாது. கோழி மாதிரி கழுத்தை நீட்டிப் பாக்கணும்.

— ஓட்டை உள்ளது?

— அதுக்குக் கோழி பத்தாது. கொக்கு வேணும்.

— இது என்ன, தூக்கினா காத்தா இருக்கு. தகர டப்பாவா?

— அலுமினியம். இரும்புலயும் இருக்கு, எட்டு டாலர் அதிகம்.

— இரும்பு எடு. நானே வீட்டுல மாட்டிக்கிறேன்.

— வேண்டாம். இதுல சின்னச் சின்ன ஸ்க்ரூ எட்டு. எதை எவ்வளவு முறுக்கணும்னு கணக்கு இருக்கு, என்கிட்ட அதுக்குன்னே முறுக்கி இருக்கு. நானே மாட்டித் தரேன்.

— என் கைக்கு அந்தக் கணக்குத் தெரியும்.

— உங்க கை கணக்குப் பாத்து மாட்டின படகு மோட்டார் இப்ப ஏரிக்கு அடியில இருக்கு.

— படகு ஆடிச்சு.

— துப்பாக்கியும் ஆடும். சரி, மவுண்ட் அப்புறம். முதல்ல இந்தக் கண்ணாடியைப் பிடிங்க. துப்பாக்கி மேசையிலேயே இருக்கட்டும், கண்ணாடியை மட்டும் எடுத்து ஜன்னல் வழியா ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பாருங்க. தெரிஞ்சா வாங்குங்க, தெரியலைன்னா போங்க.

— இருட்டு.

— மூடியைக் கழட்டுங்க.

— ம். எல்லாம் எறும்பு மாதிரி தூரத்துல இருக்கு. இதுக்குத்தான் நூத்தறுபது டாலரா?

— திருப்பிப் பிடிங்க ஆர்விட்.

— அப்படிச் சொல்லு. ம்... ரோடு தெரியுது. பனி அள்ளுற வண்டி நம்பர் தெரியுது. மருந்துக்கடை போர்டு. எவன் எழுதினானோ, ஒரு எழுத்து கோணலா இருக்கு.

— பாத்தீங்களா? வெறுங்கண்ணுக்கு எனக்கு அந்தப் போர்டு பச்சையா ஏதோன்னுதான் தெரியுது.

— கடைக்குள்ள ஒரு பொம்பள வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறா. செவுத்துல எழுத்து எழுதின அட்டை.

— ஓ, இன்னிக்கு வியாழக்கிழமையா? மாசத்துக்கு ரெண்டு வியாழன் கண்ணு டாக்டர் வருவாங்க. முன்னறையில வச்சுத்தான் பாப்பாங்க.

— எதிர்ல நாற்காலியில ஒருத்தன். ஒரு கண்ணைக் கரண்டி மாதிரி எதையோ வச்சு மூடிக்கிட்டிருக்கான். அவ குச்சியால கடைசி வரியைக் காட்டுறா. தெரியலைன்னு தலையை ஆட்டுறான். அதுக்கு மேல உள்ள வரி. ஆட்டுறான். அதுக்கும் மேல. பாவம், ஆட்டுறான்.

— அடுத்தவங்களை இப்படிப் பாக்கிறது நல்லாயில்ல.

— நீதானே பாக்கச் சொன்னே. இப்ப உச்சியில இருக்கிற ஒத்தை எழுத்துக்கு வந்துட்டா. பூசணிக்காய் அளவு இருக்கு. எனக்கு இங்கேர்ந்தே தெரியுது. அவன் நாற்காலியை முன்னால இழுக்கிறான். அவ பின்னால தள்ளுறா. அட, இவனுக்கு எவன் வேட்டை லைசென்ஸ் குடுத்தான்?

— லைசென்ஸ்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— தொப்பியில குத்தியிருக்கான். தொப்பியை மடியில வச்சிருக்கான். இப்ப மறு கண்ணை மூடிக்கிட்டு, மூஞ்சியை இந்தப் பக்கம் திருப்...

— ஆர்விட்?

— இரு, இதைத் துடைச்சுக்கிறேன்.

— புதுசைப் போய் ஏன் துடைக்கிறீங்க? கண்ணாடியைக் குடுங்க, நானும் பாக்கிறேன். யாரு அந்த ஆளு?

— இந்தா, பத்திரமா வை. மூடியைப் போடு.

— பிடிச்சிருக்கா? நடுத்தர மவுண்ட், இரும்புல, மாட்டிடட்டுமா? எங்க போறீங்க? துப்பாக்கி இங்க இருக்கு.

— இருக்கட்டும். விக்கிற இடத்துல கண்ணாடி நல்லாத்தான் காட்டும், புள்ள. இது சொன்னதை நம்பி, அங்க உக்காந்திருக்கிறது ரெய்னோன்னு நான் வாயைத் திறக்க மாட்டேன். ரோட்டைத் தாண்டிப் போய் என் கண்ணால பாத்துக்கிறேன்.