முறிய வேண்டிய ஆணி

இந்த வாசிகசாலை மண்டபத்தில் கூடியிருக்கும் பெரியோர்களே, தலைமை தாங்கும் தியாகராசா மாஸ்டர் அவர்களே, மாதர் சங்கத்துச் சகோதரிகளே, முன்வரிசையில் தலை குனிந்து இருக்கும் அமரரின் துணைவி, தங்கை மீனாம்பிகையே, எல்லோருக்கும் என் வணக்கம். பிள்ளையாரின் திருவடியை நினைத்துக்கொண்டு பேசத் தொடங்குகிறேன். வாசலோரம் நிற்பவர்கள் தயவுசெய்து உள்ளே வாருங்கள். ஆமியின் ஹெலிகொப்டர் காலையிலிருந்து சுற்றுகிறது. வெளியே கூட்டமாக நிற்பது நல்லதல்ல.

நான் மேடையில் பேசிப் பழகியவள் அல்ல. பள்ளிக்கூடமும் அதிகம் கண்டவள் அல்ல. அடுப்படி வேலை முடித்து, மாதர் சங்கத்தின் கணக்கை எழுதி வைக்கிறவள். கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒன்று போய்விட்டது என்றால், எது மிஞ்சியிருக்கிறது என்றும் பார்ப்பாள். இன்றும் அப்படித்தான் பார்க்கப் போகிறேன்.

யாரை இழந்தோம்? எங்கள் ஊர் நோயாளர் ஜீப்பின் சாரதி, அமரர் ஆழ்வாப்பிள்ளை சோமசேகரம் அவர்களை இழந்தோம்! கரவெட்டியிலிருந்து வல்லை வெளியைத் தாண்டிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை உயிர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர்! அந்த வெளியில் இன்று தெரு என்று ஒன்று இருக்கிறதா? ஷெல் விழுந்து குழியான கிடங்குகளும், ஊரவர்கள் கொண்டுவந்து கொட்டிய கற்களும்தான் இருக்கின்றன. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அந்தக் கற்களின் மேலே அவர் ஜீப்பை ஓட்டவில்லை, ஊர வைத்தார். கல்லுக் கண்ட இடத்தில் நோயாளியைத் தவிர எல்லோரையும் இறக்கி நடக்க விடுவார். ஒருமுறை ஒருவர் பொறுமையிழந்து, "உம்மடை ஜீப்பிலும் பார்க்க என்ரை மாமி கெதியாய் நடப்பா!" என்று கத்தினார். சோமசேகரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்ப மாமியைக் கூட்டி வாரும். நோயாளியை அவ முதுகிலை ஏத்துவம்."

அந்த ஜீப்பின் அடியில், இயந்திரத்தின் சுழற்சியைப் பின்சில்லுகளுக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டு ஒன்று இருக்கிறது. அதை அவர் நடுவில் பிரித்து, ஒரே ஓர் இளகின இரும்பு ஆணியால் பொருத்தியிருந்தார். சில்லு கல்லுக்குள் இறுகிவிட்டால், முதலில் அந்த ஆணிதான் முறியும். ஜீப் நிற்கும். அவர் கீழே படுத்து, முறிந்த துண்டைத் தட்டி எடுத்துவிட்டுப் புது ஆணி அடிப்பார். ஜீப் மறுபடி ஊரும்.

அடிக்கடி முறிந்தது. எல்லோரும் அலுத்துக்கொண்டோம். தியாகராசா மாஸ்டர்கூடக் கேட்டார், "என்ன சோமு, கத்தரிக்காய்க் காம்பிலையோ ஆணி செய்தனீ?" "ஓம் மாஸ்டர், கத்தரிக்காய்தானே இப்ப மலிவு" என்றார் சோமசேகரம். ஆனால் நான் கேட்டபோது பகிடி விடவில்லை. எங்கள் கோயில் வாசலில் வைத்துச் சொன்னார்: "அக்கா, பிள்ளையாருக்கு ஏன் தேங்காய் உடைக்கிறம்? எங்கடை மண்டை உடையாமல் இருக்கத்தானே. உந்த ஆணி ஜீப்பின்ரை தேங்காய். அந்தக் கல்லிலை ஏதோ ஒண்டு முறியத்தான் போகுது. எது முறியவேணும் எண்டதை நாங்கள் முந்தியே தீர்மானிச்சு வைப்பம்."

சபையோரே, அந்த ஆணி முறியாவிட்டால் எது முறியும்? கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் பற்சில்லுகள் முறியும். அச்சு முறியும். மண்ணெண்ணெயே வராத ஊருக்குப் பற்சில்லு வருமா? யார் கொண்டுவருவார்? எந்த ஆமித் தடைமுகாம் விடும்?

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். மீனாம்பிகை, பொறுத்துக்கொள் பிள்ளை.

செல்வநாயகி இங்கே உயிரோடு இருக்கிறாள். அன்று அவளுக்கு இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய தமையன் முருகேசுவும் ஜீப்பில் கூடப் போனான். வல்லை வெளியின் நட்டநடுவில் பின்சில்லு கிடங்கில் விழுந்து கல்லுக்குள் இறுகியது. ஆணி முறிந்தது. தெற்கே ஹெலிச் சத்தம். சோமசேகரம் சொன்னதாக முருகேசு என்னிடம் சொன்ன வார்த்தை இதுதான்: "நீ தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போய் மதகுக்குக் கீழை இரு. நான் கூப்பிடேக்கை வா." அவர் ஜீப்புக்கு அடியில் புகுந்தார். ஆணியை அடித்து முடித்து, வெளியே வந்து, கையைக் காட்டினார். அப்போதுதான் மேலேயிருந்து சுட்டார்கள்.

முருகேசு இருவரையும் ஜீப்பில் ஏற்றினான். அவன் அதுவரை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் மட்டும் ஓட்டியவன். "மெல்ல... கல்லிலை மெல்ல..." என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார் சோமசேகரம். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது பேச்சு நின்றிருந்தது. செல்வநாயகி பிழைத்தாள். அவர் சிவபதம் அடைந்தார்.

அன்றிலிருந்து ஊர் என்ன கதைக்கிறது? அந்த இளகின ஆணிதான் அவரைக் கொன்றது என்கிறது. உருக்கு ஆணி போட்டிருந்தால் அவர் இறங்கியிருக்கத் தேவையில்லை என்கிறது. நான் அதை இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். அவர் ஏன் அந்த நேரத்தில், அந்த இடத்தில் என்று நானும் பிள்ளையாரிடம் கேட்டேன். ஆனால் ஒன்று தெரியும். ஆணி முறிந்ததால்தான் மிச்சமெல்லாம் முழுசாக இருந்தது. உருக்கு ஆணியாக இருந்து உள்ளே பற்சில்லு நொறுங்கியிருந்தால், அந்த வெளியில் ஜீப் கிடந்திருக்கும், செல்வநாயகியும் கிடந்திருப்பாள். இன்று இந்த மண்டபத்தில் எத்தனை படங்களுக்கு மாலை போட்டிருப்போம்?

இப்போது கேட்டதா? யாரும் எழும்ப வேண்டாம். அந்த வெடிச் சத்தம் பலாலி முகாம் பக்கம். நான் சுருக்கமாக முடிக்கிறேன்.

வெளியே மாலை போட்டு நிறுத்தியிருக்கும் ஜீப்பை எல்லோரும் பார்த்தீர்கள். ஆனால் நேற்று அதன் அடியில் நடந்தது பலருக்குத் தெரியாது. லேத்துப் பட்டறை அடைக்கலநாதன் அண்ணை, சோமசேகரத்தில் வைத்த அன்பினால், கூலி கேளாமல் உருக்கில் ஓர் ஆணி கடைந்து மாட்டியிருக்கிறார். இனி யாரும் அந்த வெளியில் இறங்கிப் படுக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். என்னிடம் சந்தோசமாகச் சொன்னார்: "அக்கா, இனி யானை இழுத்தாலும் முறியாது." அண்ணை, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

துக்கம் நடக்கும் இடத்தில் பிள்ளைத்தாய்ச்சியின் பேரை எடுக்கக்கூடாது. எனக்குத் தெரியும். பிள்ளையார் பொறுக்கட்டும், எடுக்கிறேன். எங்கள் குணலட்சுமிக்குப் பிள்ளை குறுக்கே கிடக்கிறது. இங்கே வைத்துப் பார்க்க முடியாது, பட்டணத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிரசவ நோ எந்த நேரமும் எடுக்கலாம். மழையும் தொடங்கிவிட்டது. வல்லை வெளியில் தண்ணீர் ஏறினால் கிடங்கு எது, கல் எது என்று எந்தச் சாரதிக்குத் தெரியும்? அந்தத் தண்ணீருக்குள் சில்லு இறுகும்போது, அந்த உருக்கு ஆணி முறியாமல் இருக்கும். அதுதான் எனக்குப் பயம். அது முறியாது!

நாங்கள் விட்ட பிழை இளகின ஆணி அல்ல. அதை மாற்ற ஒரே ஒருவரை மட்டும் நம்பியிருந்ததுதான் பிழை. அவர் கீழே படுத்திருக்கும்போது நாங்கள் மேலே நின்று மணி பார்த்தோம். இனி அப்படி இல்லை. மாதர் சங்கத்தின் சார்பில் சபையறியச் சொல்கிறேன்: அந்த ஜீப்பில் நோயாளியோடு ஏறும் ஒவ்வொருவரும், ஆணோ பெண்ணோ, ஆணி மாற்றத் தெரிந்துகொண்டுதான் ஏற வேண்டும். நானும் முந்தநாள் கீழே படுத்துப் பழகினேன். சேலையெல்லாம் கிறீஸ். "இந்த வயசிலை உனக்கு ஏன் உந்த வேலை?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "நீங்கள் படுக்கிறியளோ?" என்று கேட்டேன். மறுநாள் அவரும் வந்து படுத்தார்.

முருகேசு ஓட்டச் சம்மதித்திருக்கிறான். ஒரே நிபந்தனைதான் சொன்னான்: "உருக்கு ஆணியோடை நான் வல்லை வெளிக்குப் போகமாட்டன்." அன்று அந்த ஜீப்பின் ஸ்டியரிங்கைக் கையில் பிடித்தவன் சொல்கிறான், சபையோரே. வேறு யார் சொல்ல வேண்டும்?

அமரர் சோமசேகரம் அவர்களே, நீங்கள் விட்ட இடத்திலிருந்து அந்த ஜீப் ஊரும். வேகமாகப் போக மாட்டோம். கல்லைக் கண்டால் இறங்கி நடப்போம். முறிய வேண்டியதை முறிய விடுவோம். உங்கள் ஆத்மா சிவன் தாளில் அமைதி பெறட்டும்.

தலைவர் அவர்களே, நிகழ்ச்சி ஒழுங்கில் அடுத்து மௌன அஞ்சலி என்று இருக்கிறது. ஒரு சிறு மாற்றம் கேட்கிறேன். அடைக்கலநாதன் அண்ணை, கோபிக்காமல் சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போங்கோ. முருகேசு, நீயும் போ. அந்த உருக்கு ஆணியைத் தட்டிக் கழற்றி, இளகின ஆணியை அடியுங்கள். அந்தச் சத்தம் இங்கே நன்றாகக் கேட்கும். அது ஓயும்வரை நாங்கள் எல்லோரும் எழுந்து, பேசாமல் நிற்போம்.